மாஸ்டர் ஏசாமல் விட்ட பாட்டு

ஓட வேண்டிய நேரத்தில் கைகூப்பிக்கொண்டு நின்ற வழிகாட்டி நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் என்னைப் பெரிய வீராங்கனை என்று நினைத்துக்கொண்டு வாசிப்பீர்கள். மேலாளர் என்னிடம் கேட்டது, புதிதாகச் சேர்ந்த உங்கள் ஐந்து பேருக்கும் உற்சாகமாக ஏதாவது எழுதித் தரும்படி. உற்சாகத்தை அவரே தரட்டும், நான் நடந்ததை எழுதுகிறேன்.

மெல்பேர்னின் டண்டினொங்கில் மரக்கறிக் கடைக்கு மேலே இருக்கும் நமது அலுவலகத்தில் உங்களுக்கு இப்போது ஆளுக்கொரு கதிரை, ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு முதலுதவிப் பை. நான் சேர்ந்தபோது இருந்தது ஒரு கதிரை, ஒரு தொலைபேசி, தலையிடிக்குப் போடும் குளிசை ஒரு போத்தல். அதற்கு முன் பிஸ்கட் பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் நம்மவர்களின் நடைக்குழுவோடு குன்று ஏறுவேன். அந்த ஒரு தகுதியில்தான் என்னை யாத்திரைக் குழுக்களுக்கு வழிகாட்டியாக எடுத்தார்கள். பத்தொன்பது வருடம் நடந்தேன். பிறகு முழங்கால் இரண்டும் காணும், இனி ஏலாது என்று சொல்லிவிட்டன.

வேலை பழக்கியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. விக்டோரியாவின் பனிமலைகளில் ஆட்களை நடத்தித் திரிந்தவர், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் மழையில் நனைந்து இறங்கும்போது என்னிடம் சொன்னார்: “மலையில் முணுமுணுக்கிறவர்களைப் பற்றிக் கவலைப்படாதே. முணுமுணுத்துக்கொண்டு வந்தவர் திடீரென்று நிறுத்தினால் அவரைக் கீழே கொண்டுபோ.” நான் சிரித்தேன். நம்மவர்கள் முணுமுணுப்பை நிறுத்துவதாவது!

இனி மாஸ்டரின் கதைக்கு வருகிறேன்.

மெல்பேர்னில் பிள்ளைகளுக்குப் பண்ணிசை சொல்லிக்கொடுத்தவர் அவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாக, வெள்ளிக்கிழமை என்றால் கேரம் டவுன்ஸ் கோயிலில் பாடுவார். அறுபத்தெட்டு வயது. குரல் என்றால் குரல், சும்மா சொல்லக்கூடாது. வாயைத் திறந்தால் அர்ச்சனைச் சீட்டு எடுக்கிறவரும் திரும்பிப் பார்ப்பார். ஆனால் பொல்லாத மனுசன். யாராவது ஒரு சொல்லைப் பிழையாகப் பாடினால் பூசை நடந்தாலும் சரி, ஐயரே நின்றாலும் சரி, “பிழை! திருப்பிப் படி!” என்று ஒரு சத்தம். என்னையும் இரண்டு தரம் ஏசியிருக்கிறார். அவருடைய மனைவி மணி அக்கா வீட்டில் பாட்டே முணுமுணுப்பதில்லை. கறி வைத்தாலும் உப்பு, புளி, தாளிதம் என்று மூன்று பிழை கண்டுபிடிக்கிற மனுசனிடம் பாடிக் காட்டுவது யார்?

அந்த முறை என்னோடு வந்தவர்கள் பதினான்கு பேர். போனது இமயமலையில் ஒரு சிவன் கோயிலுக்கு. வாகனம் போகும் பாதை ஓரிடத்தில் முடிந்துவிடும். அங்கிருந்து கற்படிப் பாதையில் ஒரு பகல் நடை, போய்த் தரிசித்துவிட்டு வெளிச்சத்தோடு திரும்பலாம். கேட்க லேசாக இருக்கிறது, இல்லையா? ஆஸ்திரேலியாவின் மிக உயரமான மலை உச்சியைவிட அந்த வாகனத் தரிப்பிடமே உயரம். கோயில் அதிலிருந்து இன்னும் ஒரு கிலோமீட்டர் நேர் மேலே. மெல்பேர்னில் கடலோரம் மூச்சு விட்டுப் பழகிய உடம்புக்கு அங்கே ஒரு நாளாவது சும்மா இருந்து பழக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை அதற்காகவே ஒதுக்கியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மண்சரிவு தின்றது. பாதை திறக்கும் வரை நாள் முழுவதும் வாகனத்துக்குள் இருந்துவிட்டு, பொழுதுபடத்தான் வாகனத் தரிப்பிடத்துக்கு வந்து சேர்ந்தோம். ஒழுங்காகப் பார்த்தால் திங்கட்கிழமை ஓய்வு, செவ்வாய் ஏற்றம் என்று நான் மாற்றியிருக்க வேண்டும். ஆனால் திங்கள் சிவனுக்குரிய நாள். பத்துப் பேர் திங்கட்கிழமைத் தரிசனத்துக்கென்றே விரதம் வைத்திருந்தார்கள், அதுவும் சன்னிதி காணும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாத விரதம். “செவ்வாய்க்கிழமை போறதுக்கு நான் ஏன் இவ்வளவு தூரம் வந்தனான்?” என்று மாஸ்டர் சத்தம் போட்டார். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஊரோடு ஒத்துப்போவோம் என்று நானும் தலையை ஆட்டினேன். அது என் முதல் பிழை.

விடிய எல்லாரையும் வட்டமாக நிறுத்தி, “எல்லாருக்கும் சுகமோ? தலையிடி, வயித்தைப் பிரட்டிச் சத்தி ஒண்டும் இல்லையே?” என்று கேட்டேன். “ஓம், ஓம், சுகம்!” என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள். பிள்ளைகளே, நம்மவர்களைக் கூட்டமாக நிறுத்திச் சுகம் கேட்காதீர்கள். பதின்மூன்று பேர் சுகம் என்று சொல்லும்போது பதினான்காவது ஆள் தனியாக வாயைத் திறக்கமாட்டார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கணவனைத் தள்ளி நிறுத்திவிட்டு மனைவியிடமும், மனைவியைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கணவனிடமும் கேளுங்கள். அன்றைக்கு நான் அப்படிக் கேட்கவில்லை.

நடக்கத் தொடங்கினோம். முதல் வளைவைத் தாண்டியதும் முகில் விலகிப் பனிமலைகள் முழுவதாகத் தெரிந்தன. வெயில் இன்னும் எங்களிடம் வரவில்லை, அவற்றின் உச்சியில் மட்டும் பட்டிருந்தது. நான் எத்தனையோ தரம் பார்த்த காட்சி, ஒவ்வொரு தரமும் நடையை மறந்து நின்றுவிடுவேன். இவ்வளவு பெரிய ஒன்று இத்தனை காலமாக ஒரு சத்தமும் இல்லாமல் அங்கே நிற்கிறதே என்று நினைக்க உடம்பு கூசும். கார்த்திக் என்று ஒரு தம்பி வந்திருந்தார், சிட்னியில் பிளாக்டவுன்காரர், கணினித் துறை, சொந்த ஊர் மதுரை. வழியெல்லாம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தவர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டார். “ஆன்ட்டி, படம் எடுக்கவே கூச்சமா இருக்கு,” என்றார்.

மாஸ்டர் பின்தங்கினார். அறுபத்தெட்டு வயதுக்கு அது இயல்புதானே என்று விட்டேன். கையுறை ஒன்று விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் நடந்தார், மணி அக்காதான் எடுத்துக்கொண்டு வந்தார். மேற்சட்டை திறந்தபடி கிடந்தது. “அவருக்குக் குளிரே தெரியேல்லையாம் ரஞ்சி. எல்லாம் அவன் செயல்,” என்றார் மணி அக்கா. முகம் மலர்ந்திருந்தது. நானும் நல்லது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கோயிலின் கோபுரம் முதன்முதலில் கண்ணில் படும் இடம் ஒன்று உண்டு. அங்கே நின்று ஒரு பதிகம் பாடிவிட்டுத்தான் மேலே ஏறுவது எங்கள் குழுக்களின் வழக்கம். பதினொரு பாட்டு, மாஸ்டர் தலைமை. குளிர்காற்றில் அந்தக் குரல் எழுந்தபோது மேலே போய்க்கொண்டிருந்த வடநாட்டு யாத்திரிகர்களும் நின்றுவிட்டார்கள். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாம் பாட்டு முடிந்தது. பிறகு மறுபடியும் இரண்டாம் பாட்டு. முடித்துவிட்டு இன்னொரு தரம் அதே பாட்டு. கண்ணை மூடி, லேசாக ஆடிக்கொண்டு, முகத்தில் ஒரு புன்னகையோடு பாடினார்.

பெண்கள் அழத் தொடங்கினார்கள். கார்த்திக் தம்பி உணர்ச்சிவசப்பட்டு மூன்றாம் பாட்டை எடுத்தார், அதில் ஐந்தாம் பாட்டின் வரியைக் கொண்டுவந்து செருகினார். எனக்கே கேட்டது. விழப்போகிறது ஏச்சு என்று தோளைச் சுருக்கினேன். மாஸ்டர் கண்ணைத் திறந்தார். கார்த்திக்கின் கன்னத்தைத் தடவினார்.

“நல்லாப் பாடுறாய் ராசா,” என்றார்.

பிறகு மணி அக்கா பக்கம் திரும்பினார். “மணி, இவ்வளவு காலமும் நீ வைச்ச கறியில ஒரு குறையும் இல்லை. எல்லாம் நல்லாத்தான் இருந்தது. நான்தான் சொல்லேல்லை.”

மணி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். “அருள் வந்திடுச்சு,” என்று கார்த்திக் மெதுவாகச் சொன்னார். எல்லாரும் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன். பின்னால் பனிமலை, முன்னால் கோபுரம், நடுவில் கனிந்துபோய் நிற்கும் ஒரு மனுசன். கடவுள் இறங்கி வருவதென்றால் இப்படித்தான் வருவார் என்று நம்பி, உடம்பெல்லாம் புல்லரித்து நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு நிமிடமாக இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். அந்த நேரம் முழுவதும் அவருடைய மூளை வீங்கிக்கொண்டிருந்தது.

முணுமுணுத்துக்கொண்டு வந்தவர் நிறுத்தினால்! அந்த வெள்ளைக்கார அம்மா காதுக்குள் வந்து சொன்ன மாதிரி இருந்தது. சாமி சிலிர்ப்பு எல்லாம் போய்விட்டது, பையைத் திறந்தேன்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசனைப் பார்க்கும் கருவியை எடுத்தேன். கையுறை போடாத அந்த விரல் விறைத்துப்போய்க் கிடந்தது, கருவி ஒரு எண்ணும் காட்டவில்லை. சரி, கண் இருக்கிறதே. என் ஊன்றுகோலை நிலத்தில் நேராகக் கிடத்தினேன். “மாஸ்டர், இதுக்குப் பக்கத்தால நடவுங்கோ பாப்பம். ஒரு காலின்ர குதியை மற்றக் காலின்ர விரலோட முட்டவைச்சு நடக்கோணும்.” சிரித்துக்கொண்டே வந்தார். முதல் அடி சரி. இரண்டாவது அடியில் கால் அவரைக் கேட்காமல் பக்கத்துக்குப் போனது. நான் பிடிக்காவிட்டால் பள்ளத்தில் விழுந்திருப்பார். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

“உடனே இறங்கவேணும்,” என்றேன்.

பதின்மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையை என்ன சொல்ல. சிவபூசையில் கரடி புகுந்தால் இப்படித்தான் பார்ப்பார்கள்.

“ஆன்ட்டி, கோயில் அங்கதான் தெரியுது. இருபது நிமிஷம். நாங்க தூக்கிட்டே போயிடறோம்,” என்றார் கார்த்திக். பாவம், நல்ல மனதோடுதான் சொன்னார். மேலே தூக்கிப்போகிற ஒவ்வொரு அடியும் அவரைக் கொல்லும் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் என் முன்னால் வந்து நின்றது மணி அக்கா. அந்தச் சாது மனுசி கையை விரித்துப் பாதையை மறித்தார்.

“விடமாட்டன் ரஞ்சி. முப்பத்தெட்டு வருசம். இண்டைக்குத்தான் இந்த மனுசன் என்னை ஒரு மனுசியாப் பாத்துக் கதைச்சிருக்கிறார். கடவுள் குடுத்ததை நீ வருத்தம் எண்டு சொல்லுறியோ?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய வாழ்நாளில் கிடைத்த ஒரே ஒரு நல்ல வார்த்தையை நோயின் அறிகுறி என்று சொல்ல வேண்டிய வேலை எனக்கு. உங்கள் பயிற்சிக் குறிப்பில் மலைநோயின் அறிகுறிகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அன்பாகப் பேசுதல் என்று ஒன்று அதில் இல்லை.

வைத்தியம் பேசி அந்த இடத்தில் வெல்ல முடியாது என்று தெரிந்தது. பக்தியோடு மல்லுக்கட்டவும் கூடாது. “அக்கா, இது அருள் எண்டால் கீழ போனாலும் அவரோட இருக்கும். வருத்தம் எண்டால் இறங்க இறங்கப் போயிடும். வாங்கோ, இறங்கிப் பாப்பம். அருளுக்கு இடம் மாறினால் குறைஞ்சு போகுமோ?” என்றேன்.

அவர் கையை இறக்கி, மிக மெதுவாகச் சொன்னார்: “இரவு ரெண்டு தரம் சத்தி எடுத்தவர். தலை பிளக்குது எண்டு சுவரில முட்டினவர். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு சத்தியம் வாங்கினவர். நான் குளிசை குடுத்தனான்.”

மற்றவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். யாருக்கும் தலையிடி இல்லை. விரதத்தை விட்டுத் தண்ணீர் குடித்தால்தான் மேலே போகலாம், இல்லாவிட்டால் என்னோடு இறங்குங்கள் என்றேன். குடித்தார்கள். எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டியோடு அவர்களை அனுப்பிவிட்டு, கூடைக்காரர் ஒருவரைக் கைதட்டிக் கூப்பிட்டேன்.

நடக்க முடியாதவர்களை முதுகில் சுமக்கும் நேபாளத்துக்காரர்கள் அந்தப் பாதையில் இருப்பார்கள். பிரம்புக்கூடை, அதிலிருந்து ஒரு பட்டி, பட்டி நெற்றியில். வந்தவர் என் தோளளவு உயரம்தான். மாஸ்டரின் கண்ணை இமை விரித்துப் பார்த்தார், கையைக் கீழ்நோக்கிக் காட்டினார், அவ்வளவுதான் பேச்சு. மாஸ்டரைக் கூடையில் இருத்தி எழுந்தார். எழுபது கிலோ மனுசனை நெற்றியில் கட்டிக்கொண்டு அவர் அந்தக் கற்படிகளில் இறங்கியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை தானாகக் கூம்பும். அந்த மலையைப் பார்த்து வியந்த அதே கண்ணால் அந்த மனுசனின் பாதத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

மாஸ்டர் உறங்க ஆரம்பித்தார். அது கூடாது. “அக்கா, பாடுங்கோ,” என்றேன்.

“நானோ?”

“நீங்கள்தான். பதிகத்தைப் பாடுங்கோ. ஒவ்வொரு வளைவிலயும் வேணுமெண்டே ஒரு பிழை விடுங்கோ.”

அவர் என்னை விசரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிழை விடக்கூடாது என்று முப்பத்தெட்டு வருடம் வாயே திறக்காத மனுசியிடம் நான் கேட்டது இதைத்தான். ஆனால் பாடினார். அடடா, அவருக்கும் குரல் இருந்தது! மெல்லிய, நடுங்குகிற, ஆனால் சுருதி விலகாத குரல். முதல் வளைவில் ஒரு சொல்லை மாற்றினார். கூடைக்குள் ஒரு அசைவும் இல்லை. இரண்டாவது வளைவில் ஒரு வரியையே விழுங்கினார். மாஸ்டரின் தலை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது வளைவில் இரண்டு பாட்டைக் கலந்து பாடினார், பாதியில் குரல் உடைந்தது. “நிறுத்தாதேங்கோ அக்கா,” என்று கத்தினேன். நான்காவது, ஐந்தாவது. நான் மனதுக்குள் அந்தக் கோபுரத்தைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: அப்பனே, இந்த மனுசன் ஏசவேணும்.

மரங்கள் தொடங்கும் எல்லைக்கு வந்தோம். மேலே புல்லும் கல்லும்தான். காற்றுக் கனக்கிற இடத்தில்தான் மரம் நிற்கும் போலும். மணி அக்கா நான்காம் பாட்டைத் தொடங்கி, இரண்டாவது வரியில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் மாற்றினார்.

“பிழை!”

கூடைக்காரர் திடுக்கிட்டு நின்றார்.

“என்ன படிக்கிறாய் நீ? அந்த எழுத்து அங்க வராது. திருப்பிப் படி!”

கரகரத்த, பலமில்லாத குரல். ஆனால் மாஸ்டரின் குரல். பனியில் புதைந்தவரைத் தோண்டி எடுத்த மாதிரி இருந்தது எனக்கு. ஒரு மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. சில நூறு மீட்டர் இறங்கினோம், நாம் ஒருநாளும் எண்ணிப் பார்க்காத காற்று கொஞ்சம் கூடியது, போன மனுசன் திரும்பி வந்தான். இதைவிடப் பெரிய அதிசயத்தை நான் எந்தச் சன்னிதியிலும் பார்க்கவில்லை.

மணி அக்கா பாதையில் அப்படியே குந்திவிட்டார். சிரித்தார், பிறகு அழுதார். என்னை நிமிர்ந்து பார்த்து, “அப்ப அது அருள் இல்லை, என்ன ரஞ்சி?” என்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்தேன்.

அடிவாரப் பட்டணத்து மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் மேலே இருந்திருந்தால் என்று வைத்தியர் தொடங்கினார். சொல்லவேண்டாம் ஐயா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மாஸ்டருக்கு அன்று காலை புறப்பட்டதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் ஞாபகம் இல்லை. சன்னிதிக்குப் போகவிடாமல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று என்னோடு கதைக்கவில்லை. மருத்துவமனைக் கஞ்சியில் உப்பில்லை என்று தாதியை ஏசினார். ஏசட்டும், ஏசட்டும் என்று நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

புறப்படும் நாள் மணி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அவர் மேல வைச்சுச் சொன்னது… வருத்தத்தில வந்ததோ, இல்லாட்டி உள்ளுக்குக் கிடந்ததோ?” எனக்குத் தெரியாது அக்கா என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. “நான் அவருக்குச் சொல்லேல்லை. நீயும் சொல்லாதை,” என்றார். இவ்வளவு காலமும் நான் சொல்லவில்லை. அண்மையில் மணி அக்காவே அவருக்குச் சொல்லி, இருவரும் இதை எழுதச் சம்மதித்தபிறகுதான் எழுதுகிறேன்.

இளையவர்களே, மலைக்குப் போகுமுன் உங்கள் குழுவில் யார் எரிச்சல்காரர், யார் வாயாடி, யார் எதற்கும் குறை சொல்கிறவர் என்று முதல் நாளே தெரிந்துவைத்திருங்கள். அவர்களோடு பேசுங்கள், ஏச்சு வாங்குங்கள். மேலே போனபிறகு ஒருவர் எப்படி இருக்கிறார் என்று தெரிவதற்கு, கீழே அவர் எப்படி இருந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். நாள் பார்த்து மலை ஏறாதீர்கள், உடம்பு பார்த்து ஏறுங்கள். கடவுள் செவ்வாய்க்கிழமையும் அங்கேதான் இருப்பார்.

நான் வேலையை விட்டு ஒரு மாதம் இருக்கும், மாஸ்டருக்கு அப்போது இன்னும் ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து அன்னதான மண்டபத்தில் மாஸ்டரும் மணி அக்காவும் வரிசையில் எனக்கு முன்னால். மாஸ்டர் நின்றபடியே சாம்பாரில் ஒரு கரண்டி வாயில் வைத்தார். முகம் சுருங்கியது.

“புளி கூடிப்போச்சு. உப்பும் காணாது,” என்றார் பரிமாறுகிற பெண்ணிடம். பிறகு எந்தப் பக்கமும் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னார்: “என்ர மனுசி வைச்சால் ஒருநாளும் இப்பிடி வராது.”

நானும் மணி அக்காவும் ஒரே நேரத்தில் குனிந்து அவருடைய காலைப் பார்த்தோம்.

“என்ன, ரெண்டு பேரும் என்ர காலைப் பாக்கிறியள்?” என்று பாய்ந்தார் மாஸ்டர்.

“ஒண்டுமில்லை,” என்றார் மணி அக்கா. “நேராத்தான் நிக்கிறியள்.”